பொனேர், டிசம்பர்: வழிகாட்டி இல்லாமல் கரையிலிருந்தே இறங்கலாமா?

புதுத்துடுப்பு | 2024 நவம்பர் 9, இரவு 9:40

டிசம்பர் 14 முதல் 21 வரை கரீபியன் தீவான பொனேரில் ஸ்கூபா டைவ். நானும் மனைவியும். இருவரிடமும் தொடக்கநிலை ஓப்பன் வாட்டர் சான்றிதழ், தலா 22 டைவ். பாதி டெக்சஸ் ஏரியில், பாதி மெக்சிகோவின் கோசுமெல் தீவில் படகிலிருந்து. பொனேரில் படகும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம் என்கிறார்கள். பிக்கப் வண்டியில் சிலிண்டரை ஏற்று, சாலையோரம் டைவ் இடத்தைக் காட்டும் மஞ்சள் கல்லைப் பார்த்து நிறுத்து, நடந்து இறங்கு, அவ்வளவுதானாம். குளிர்காலத்தில் கடல் குளம் மாதிரி இருக்குமாம். ஒரு நாளைக்கு 4 டைவ், மூழ்கிக் கிடக்கும் ஹில்மா ஹூக்கர் கப்பல் கட்டாயம். இந்தத் திட்டத்தில் ஓட்டை எங்கே?

மஞ்சள்கல் | நவம்பர் 9, இரவு 11:15

"குளம் மாதிரி" என்பது மேற்குக் கரைக்கு மட்டும் பொருந்தும். அங்கேயும் எல்லா நாளும் இல்லை.

தீவு 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வணிகக் காற்று, நம் மீனவர்கள் சொல்லும் கொண்டல். கிழக்குக் கரையில் அலை உடைந்துகொண்டே இருக்கும், அந்தப் பக்கம் நீங்கள் நினைக்கவே வேண்டாம். தீவே ஒரு மதில் போலக் காற்றை மறைப்பதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கிறது. கரையிலிருந்து இறங்கும் இடங்கள் ஐம்பதுக்கு மேல் அங்கே வரிசையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த மறைப்பு இரண்டு முனைகளிலும் பலவீனம். தெற்கே வில்லம்ஸ்டோரன் கலங்கரை விளக்கம், ரெட் ஸ்லேவ் பக்கம் காற்றும் நீரோட்டமும் முனையைச் சுற்றி வளைந்து வரும். வடக்கே கார்பாட்டா, வாஷிங்டன் ஸ்லாக்பாய் பூங்காவுக்குள் இருக்கும் இடங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் புயல் கிளம்பினால் நான்கைந்து நாள் கழித்து அதன் நீண்ட அலை வடமுனையைச் சுற்றி அங்கே வந்து இறங்கும். தீவில் வெயில் காயும், காற்றும் வழக்கம்போலவே அடிக்கும், கரையில் மட்டும் அலை ஏறி இறங்கும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கரையில் பத்து நிமிடம் நின்று அலையை எண்ணுங்கள்.

தண்ணீர் 26 முதல் 27 டிகிரி. 3 மி.மீ. முழு வெட்சூட் போதும். நான்காவது டைவில் குளிரும், அதற்கு ஒரு தலைமூடி.

மஞ்சள்கல் | நவம்பர் 10, காலை 7:05

நேற்று முக்கியமானதை விட்டுவிட்டேன். பொனேரில் புதியவர்களுக்கு அடி படுவது 30 மீட்டர் ஆழத்தில் இல்லை, முட்டியளவு தண்ணீரில். கரை என்றால் மணல் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் செத்துக் கல்லான பழைய பவளம், கத்தி மாதிரி விளிம்பு, நடுவில் குழி. அதற்கு மேல் காலுக்கடியில் உருளும் பவளத் துண்டுகள். முதுகில் 20, 25 கிலோ.

இறங்கும் முறை:

முதலில் கருவி எதுவும் இல்லாமல் தண்ணீர் விளிம்பு வரை நடந்து போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீருக்குள் வெளிறிய மணல் பட்டை ஒன்று பெரும்பாலும் தெரியும், அதுதான் வாசல். திரும்பி நின்று கரையில் ஓர் அடையாளம் பிடியுங்கள்: தனிமரம், சுவர், கம்பம். உங்கள் வண்டி அடையாளம் ஆகாது. நீங்கள் திரும்பும்போது அதே நிறத்தில் நான்கு வண்டி நிற்கும்.

பிசிடியில் (காற்றடைத்து மிதக்கும் அங்கி) பாதிக் காற்று, முகத்தில் மாஸ்க், மூச்சு விட வாயில் ரெகுலேட்டர். இந்த மூன்றும் கரையிலேயே. ஃபின்ஸ் (நீந்தும் துடுப்புக் காலணி) கையில் அல்லது கைப்பட்டையில் மாட்டி. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்துங்கள். குழி இருந்தால் கால் முதலிலேயே உணரும். இருவரும் பக்கவாட்டில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். இடுப்பளவு வந்ததும் நிற்க முயலாதீர்கள், படுத்துவிடுங்கள். மிதந்தபடியே ஃபின்ஸ் மாட்டுங்கள். நின்றுகொண்டு ஒற்றைக் காலில் ஃபின்ஸ் மாட்டுகிறவர்தான் விழுகிறார்.

வெளியே வருவது இதற்கு நேர் தலைகீழ் என்று எழுதிவிடுவார்கள். அது சரியில்லை, வெளியே வருவது இன்னும் கடினம். உடல் களைத்திருக்கும், எடை திடீரென்று முதுகில் ஏறும், அலை பின்னாலிருந்து தள்ளும். மார்பளவு தண்ணீர் வரை நீந்தியே வாருங்கள். ஃபின்ஸைக் கழற்றும்வரை ரெகுலேட்டர் வாயிலிருந்து வரக்கூடாது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், அது ஓயும் இடைவெளியில் எழுந்து நடங்கள். எழ முடியவில்லையா, தவழுங்கள், வெட்கமே வேண்டாம். பிசிடியைத் தண்ணீரிலேயே கழற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் ஏறுவதும் நல்ல வழிதான்.

பூட்ஸ் அடிப்பாகம் தடித்ததாக, 5 மி.மீ. இருக்கட்டும். பின்பக்கம் திறந்த ஃபின்ஸ். மெல்லிய சாக்ஸும் முழுப்பாத ஃபின்ஸும் கோசுமெல் படகுக்குச் சரி, இங்கே உதவாது.

புதுத்துடுப்பு | நவம்பர் 10, பகல் 1:20

இவ்வளவு கூரான கரை என்றால் கையுறை வாங்கிக்கொள்கிறோம். சிறிய கத்தியும் ஒன்று இருக்கிறது.

ஆழ்கணக்கு | நவம்பர் 10, பகல் 2:02

இரண்டையும் வீட்டில் வைத்துவிடுங்கள். கடல் பூங்காவில் டைவருக்குக் கையுறையும் கத்தியும் தடை. கையுறை போட்டவர் பவளத்தைப் பிடிப்பார், அதனால்தான். நூல் சிக்கினால் வெட்டச் சிறிய லைன் கட்டர் அல்லது மழுங்கிய முனைக் கத்தரிக்கோல் அனுமதிப்பார்களா என்று டைவ் கடையில் கேட்டுவிடுங்கள். ஒளிரும் ரசாயனக் குச்சியும் கூடாது, இரவு டைவுக்கு பேட்டரி விளக்குதான்.

மஞ்சள்கல் | நவம்பர் 10, மாலை 6:30

விதிகளை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பூங்கா 1979-இல் தொடங்கியது, ஸ்டினாபா என்ற அமைப்பு நடத்துகிறது. தீவைச் சுற்றி, குட்டித் தீவான க்ளெய்ன் பொனேரையும் சேர்த்து, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை முழுக்கப் பூங்கா எல்லை. நீங்கள் எங்கே இறங்கினாலும் உள்ளேதான் இருக்கிறீர்கள். பூங்காக் கட்டணத்தை இணையத்திலேயே கட்டி ரசீதை போனில் வைத்துக்கொள்ளுங்கள். தீவின் நுழைவு வரி வேறு, ஆளுக்கு 75 டாலர், 2022 ஜூலையிலிருந்து. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டு விமான நிலையத்தில் நிற்பவர்கள் அதிகம். செலவெல்லாம் அமெரிக்க டாலரில்தான், 2011 முதல் அதுவே அங்கே நாணயம்.

முதல் டைவ், டைவ் கடையின் அறிமுகப் பேச்சுக்குப் பிறகு அவர்கள் கரையிலேயே. இது சடங்கு இல்லை, விதி. இடுப்பில் கட்டும் எடையைச் சரிபார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நங்கூரம் போடத் தடை, படகுகள் மிதவையில்தான் கட்ட வேண்டும். அந்த நிலையான மிதவைகளைத் தீவில் பரப்பியதில் 1962-இல் பாய்க்கப்பலில் வந்து இறங்கிய கேப்டன் டான் ஸ்டூவர்ட்டுக்குப் பெரும்பங்கு. ஈட்டியால் மீன் குத்துவதற்கு 1971 முதலே தடை. கரீபியனில் பல தீவுகள் அழித்துக்கொண்டதை இவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது தற்செயல் இல்லை. அந்த விதியைக் கெடுக்க நமக்கு உரிமை கிடையாது.

ஆழ்கணக்கு | நவம்பர் 11, காலை 8:10

காற்றுக் கணக்குக்கு வருகிறேன். வழிகாட்டி இல்லை என்றால் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் கேஜைப் பார்த்து "திரும்பலாம்" என்று சைகை செய்ய யாரும் இல்லை.

அங்கே கிடைப்பது பெரும்பாலும் அலுமினியம் 80, கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லிட்டர் மூச்சு என்றால் 15 மீட்டரில் அழுத்தம் 2.5 மடங்கு, அதாவது 45 லிட்டர். 50 பார் ஒதுக்கினால் செலவழிக்க 150 பார், 1,665 லிட்டர். 37 நிமிடம். 30 மீட்டரில் 72 லிட்டர், 23 நிமிடம்.

கரை டைவில் பவளத்திட்டின் விளிம்பு பத்து மீட்டர் ஆழத்தில் தொடங்கும், அதற்கு முன்னால் மணலும் விசிறிப் பவளமும் உள்ள ஆழமில்லாத தளம். அதைக் கடக்கப் போகவும் வரவும் காற்று செலவாகும். முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், 130 பாரில் திரும்புங்கள். திரும்பும்போது நீரோட்டம் கூடவே வரும். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று மேலே மிதக்கும்போதே பாருங்கள், கீழே போனதும் விசிறிப் பவளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள். மேலே ஒரு பக்கமும் கீழே இன்னொரு பக்கமும் ஓடுவது உண்டு. கீழே ஓடுவதை நம்புங்கள்.

ஓ_வளையம் | நவம்பர் 11, இரவு 10:25

ஆழ்கணக்கு சொன்ன 23 நிமிடத்தை ஹில்மா ஹூக்கருக்கு யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. 50 பார் ஒதுக்கு என்பது ஒருவர் தனியாக, பதற்றமில்லாமல் மேலே வரும் கணக்கு. 30 மீட்டரில் ஒருவருக்குக் காற்று நின்றுவிட்டால் இருவரும் ஒரே சிலிண்டரில் மேலே வர வேண்டும்.

பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கு 60. கீழே ஒரு நிமிடம் தடுமாற்றம்: 240 லிட்டர். 30-லிருந்து 5 மீட்டர் வரை நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 மடங்கு: 495 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 270. கடைசி 5 மீட்டர்: 75. மொத்தம் 1,080 லிட்டர், 97 பார்.

ஆக 100 பாரில் கப்பலை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்படிப் பார்த்தால் அடியில் 15 நிமிடம்தான், இறங்கும் நேரத்தைக் கழித்தால் அதற்கும் குறைவு.

ஆழ்கணக்கு | நவம்பர் 12, காலை 6:50

ஓ_வளையம் சொல்வதுதான் சரி, என் 23-ஐ அடித்துவிடுங்கள். 15 மீட்டர் கணக்கு அப்படியே நிற்கும், ஏனென்றால் அங்கே இருவர் பகிர்ந்து மேலே வர 50, 60 பார் போதும்.

இன்னொன்றும் விட்டுப்போனது. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டருக்கு. ஹூக்கர் வலப்பக்கம் சாய்ந்து 30 மீட்டர் தரையில் படுத்திருக்கிறது, மேலே தெரியும் இடப்பக்க உடல் சுமார் 18 மீட்டரில். 72 மீட்டர் நீளக் கப்பல். மேல் பகுதியின் மேல் நீந்திப் பார்த்தாலே முழு உருவமும் கண்ணில் நிற்கும், தண்ணீர் அவ்வளவு தெளிவு. கீழே போயே ஆக வேண்டும் என்றால் முதல் இரண்டு நாளில் தீவிலேயே அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிட்டுப் போங்கள். உள்ளே நுழையாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும்.

புதுத்துடுப்பு | நவம்பர் 12, இரவு 8:00

அட்வான்ஸ்டும், ஆக்சிஜன் கூடிய காற்றான நைட்ராக்ஸுக்கான பயிற்சியும் அங்கேயே பதிவு செய்துவிட்டோம். அந்தக் கப்பல் ஏன் அங்கே மூழ்கியது?

மஞ்சள்கல் | நவம்பர் 12, இரவு 9:15

1984-இல் எஞ்சின் கோளாறோடு தலைநகர் கிராலெண்டைக் துறைக்கு இழுத்து வரப்பட்ட சரக்குக் கப்பல். சோதனையில் போலிச் சுவருக்குப் பின்னால் சுமார் 11 டன் கஞ்சா. உரிமையாளர் யாரும் முன்வரவில்லை, ஓட்டையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. துறையில் மூழ்கிவிடும் என்று இப்போதைய இடத்துக்கு இழுத்துப் போய்க் கட்டினார்கள், அங்கே அந்த ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி போய்விட்டது. இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவே மணல் பள்ளத்தில் விழுந்தது டைவர்களின் அதிர்ஷ்டம். அந்த இரட்டைத் திட்டு அங்கிருந்து தெற்கே ஏஞ்சல் சிட்டி என்ற டைவ் இடத்துக்குப் போகிறது. கப்பலைவிட ஏஞ்சல் சிட்டியையே நான் முன்னால் வைப்பேன்.

ஓ_வளையம் | நவம்பர் 13, மாலை 5:45

நைட்ராக்ஸ் பதிவு செய்தது நல்லது. பல கடைகளில் 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்குக் கூடுதல் காசு வாங்குவதில்லை.

32-க்கு உச்ச ஆழம், ஆக்சிஜன் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்று வைத்தால்: 1.4-ஐ 0.32-ஆல் வகுத்தால் 4.375, ஒன்றைக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 33.75 மீட்டர். 33 என்று எழுதிக்கொள்ளுங்கள். 36 சதவீதம் என்றால் 28 மீட்டரோடு சரி, அதாவது அதே சிலிண்டரோடு ஹூக்கரின் தரைக்குப் போகக்கூடாது. நீங்கள் சுவாசிக்கப்போகும் சிலிண்டரை நீங்களே அளக்க வேண்டும். அனலைசரை முதலில் வெறும் காற்றில் 20.9-க்குச் சரிசெய்து, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறந்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். வேகமாகத் திறந்தால் எண் தவறாகக் காட்டும். சதவீதம், ஆழம், தேதி, பெயர் நான்கையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் அதே சதவீதத்தைப் போடுங்கள். நிறையப் பேர் விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். சில கம்ப்யூட்டர்கள் நள்ளிரவிலோ ஒரு டைவ் முடிந்த பிறகோ தாமாகவே 21-க்குத் திரும்பிவிடும், உங்களுடையது அப்படியா என்று கையேட்டைப் பாருங்கள்.

ஓ_வளையம் | நவம்பர் 13, மாலை 6:20

வண்டியில் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும். உதிரி ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பத்து: கவ்வி மாட்டும் யோக் வகைச் சிலிண்டர் வால்வுக்கு 014 அளவு, கடினத்தன்மை 90. சிலிண்டரைத் திறந்ததும் "புஸ்" என்று கேட்டால் பத்துக்கு எட்டு தடவை இதுதான். மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, பழையதைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் முனையால் நெம்பி எடுங்கள். எஃகு ஊசி வால்வின் தடத்தைக் கீறிவிடும், அதற்குப் பிறகு புது ஓ-ரிங்கும் நிற்காது. அடுத்து: மவுத்பீஸ் ஒன்று, அதைக் கட்ட பிளாஸ்டிக் பட்டைகள், மாஸ்க் பட்டை, ஃபின்ஸ் பட்டை, கம்ப்யூட்டர் பேட்டரி, சிலிக்கான் கிரீஸ், சிறு ஆலன் கீ. திருகி மாட்டும் டின் வகை ரெகுலேட்டர் என்றால் யோக் மாற்றியையும் கொண்டு போங்கள்.

சார்ஜருக்கு: தீவின் மின்சாரம் 127 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சாக்கெட் அமெரிக்க வகை. விளக்கு சார்ஜர் 100–240 என்று போட்டிருந்தால் பயமில்லை.

மஞ்சள்கல் | நவம்பர் 15, காலை 9:30

வண்டி. பிக்கப்பை இப்போதே பிடியுங்கள், கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முந்தைய வாரமே தீர்ந்துவிடும். பெரும்பாலானவை கைக்கியர்.

டைவ் இடங்களில் நிறுத்தியிருக்கும் வண்டியிலிருந்து திருட்டு நடக்கிறது. அதனால் அங்கே எல்லோரும் செய்வது: கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே எதுவும் வைக்காமல் போவது. பூட்டினால் கண்ணாடி உடையும், செலவு உங்களுக்கு. பாஸ்போர்ட், பணம், போன் தங்குமிடத்தில். வண்டியில் ஒரு பழைய துண்டு, குடிநீர், அவ்வளவே. வாடகை ஒப்பந்தத்தில் கண்ணாடிக்கும் டயருக்கும் காப்பீடு உண்டா என்று படித்துக் கையெழுத்துப் போடுங்கள். சாவி: ரிமோட் இல்லாத வெறும் உலோகச் சாவி கேளுங்கள், பிசிடி பைக்குள் கொக்கியில் மாட்டிக்கொண்டு போகலாம். ரிமோட் சாவிதான் என்றால் 40 மீட்டர் தாங்கும் சிறு குப்பி வாங்குங்கள். தண்ணீர் புகாத பை என்று விற்பதெல்லாம் மழைக்கானது, ஆழத்துக்கு இல்லை.

வடக்கே 1000 ஸ்டெப்ஸ் என்ற டைவ் இடத்தைத் தாண்டியதும் கடலோரச் சாலை ஒருவழி. கார்பாட்டா வரை போய்விட்டால் ரிங்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். எதையாவது மறந்துவிட்டு வந்தால் அரை நாள் போச்சு.

1000 ஸ்டெப்ஸில் படிகள் ஆயிரம் இல்லை, சுமார் 70. சிலிண்டரோடு ஏறும்போது ஆயிரம் என்று தோன்றும், பெயர் அதிலிருந்து வந்ததுதான். இருவரும் முதலில் சிலிண்டரையும் பிசிடியையும் மட்டும், பிறகு ஃபின்ஸும் மாஸ்க்கும் என்று இரண்டு நடை இறங்கலாம். படி ஏறுவதும் டைவ் முடிந்த உடம்புக்குக் கடும் உழைப்பு, பத்துப் பதினைந்து நிமிடம் கீழே உட்கார்ந்துவிட்டு மெதுவாக ஏறுங்கள்.

புதுத்துடுப்பு | நவம்பர் 18, இரவு 10:10

எடைக் கணக்கு குழப்புகிறது. ஏரியில் 7 மி.மீ. சூட்டோடு 9 கிலோ. இங்கே?

ஆழ்கணக்கு | நவம்பர் 18, இரவு 11:30

ஏரிக் கணக்கை மறந்துவிடுங்கள். உப்புநீர் உங்களைக் கூடுதலாகத் தூக்கும்: உடலும் கருவியும் 90 கிலோ என்றால் சுமார் 2 கிலோ கூட்ட வேண்டும். 7-லிருந்து 3 மி.மீ. வந்தால் அதைவிட அதிகம் குறையும். முதலில் 5 கிலோவோடு தொடங்குங்கள்.

சோதனை: ஆழமான இடத்தில் மேற்பரப்பில், பிசிடி காலி, மூச்சு சாதாரணமாக இழுத்துப் பிடித்தபடி, நேராக நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். நிரம்பிய சிலிண்டரோடு இதைச் செய்தால் அதற்கு மேல் 2 கிலோ கூட்டுங்கள், ஏனென்றால் 150 பார் காற்றின் எடை 2 கிலோ, டைவ் முடிவில் அது இருக்காது. அலுமினியம் 80 காலியானால் மிதக்கும் சிலிண்டர்.

ஆழ்கணக்கு | நவம்பர் 19, காலை 7:00

தொடங்குவதற்கு 5 கிலோ என்றது உங்கள் உடல்வாகு தெரியாமல் எழுதியது. அறிமுக டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது 5 மீட்டரில் பிசிடியைக் காலிசெய்து அசையாமல் நிற்க முடிகிறதா பாருங்கள். அந்தச் சோதனை சொல்வதுதான் உங்கள் எடை, என் எண் இல்லை. எடை கூடினால் கால் கீழே தொங்கும், ஃபின்ஸ் பவளத்தில் இடிக்கும். ஒரு விரல் நீளம் வளர அதற்கு எத்தனை ஆண்டு ஆகிறது என்று யோசித்தால் ஒரு கிலோ குறைப்பது பெரிய விஷயமில்லை.

மஞ்சள்கல் | நவம்பர் 24, மாலை 4:40

பவளம் என்றதும் சொல்ல வேண்டியது. பவளத் திசு உதிர்வு நோய் 2014-இல் ஃப்ளோரிடாவில் தொடங்கிப் பரவி, 2023 மார்ச்சில் பொனேரில் கண்டுபிடிக்கப்பட்டது. மூளைப் பவளம், தூண் பவளம் போன்ற கல் பவளங்களில் வெள்ளைத் திட்டு விழுந்து சில வாரங்களிலேயே மொத்தக் கூட்டமும் சாகிறது. நீங்கள் பார்க்கும் பவளத்திட்டு பழைய படங்களில் இருப்பது போல இருக்காது. அங்கங்கே நூறாண்டு மூளைப் பவளம் சாம்பல் பூத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். பார்க்க வலிக்கும்.

நம்மால் ஆவது: கடையில் வைத்திருக்கும் கிருமிநீக்கத் தொட்டியில் பூட்ஸ், வெட்சூட், பிசிடி எல்லாவற்றையும் முக்கி, பிறகு நன்னீரில் அலசுங்கள். பிசிடியின் உள்ளே தேங்கிய கடல்நீரையும் வெளியேற்றுங்கள், எல்லோரும் மறப்பது அதுதான். அலசிய நீரைக் கடலில் கொட்டாதீர்கள். மூடிய இடம் என்று அறிவிப்பு இருந்தால் இறங்க வேண்டாம். ஒரே நாளில் நோய் இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு ஈரக் கருவியோடு போகாதீர்கள்.

மான்கொம்புப் பவளத்தை மரம் மாதிரிக் கட்டிய சட்டங்களில் தொங்கவிட்டு வளர்த்து மறுபடி நடுகிறார்கள். அந்த நாற்றங்கால்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், காற்றுக் குமிழி அதன் மேல் படாத தூரத்தில். சன் ஸ்கிரீன் வாங்கினால் ஆக்ஸிபென்சோனும் ஆக்டினாக்ஸேட்டும் இல்லாததாக. தீவில் அவை விற்கத் தடை. முழுக்கைச் சட்டை போட்டால் அதுவும் தேவைப்படாது.

புதுத்துடுப்பு | நவம்பர் 30, பகல் 12:15

ஒரு நாளைக்கு 4 டைவ், ஆறு நாள் என்பது அதிகமா? 21-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் விமானம்.

ஓ_வளையம் | நவம்பர் 30, இரவு 7:50

கம்ப்யூட்டர் அனுமதிக்கும். ஆனால் நைட்ரஜன் நாளுக்கு நாள் மிச்சம் சேரும், நீர்ச்சத்து குறையும், தூக்கம் குறையும், இதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முதல் டைவே ஆழமானது, பிறகு குறைந்துகொண்டே வரட்டும். நைட்ராக்ஸை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் 21 என்றே விட்டால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் அப்போது 33 மீட்டர் எல்லையை நீங்களே நினைவில் வைக்க வேண்டும். நான்காம் நாள் மதியம் டைவ் வேண்டாம், உப்பளம் பக்கம் ஃப்ளமிங்கோ பார்க்கப் போங்கள்.

பல நாள், பல டைவ் செய்தவருக்கு விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம். 24 வைத்துக்கொண்டால் நிம்மதி. வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே. அன்று முழுக்கக் கருவி காயும், ஈரக் கருவி பெட்டியில் 3 கிலோ கூடுதல்.

காது: இத்தனை டைவில் அடைப்பைவிட வெளிக்காது புண்தான் விடுமுறையைக் கெடுக்கும். ஒவ்வொரு டைவுக்கும் பிறகு நன்னீரில் அலசி, தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, வெள்ளை வினிகரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சரிபாதி கலந்து சில சொட்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தவர், காதில் குழாய் வைத்தவர் இதைத் தொடக்கூடாது. பஞ்சுக்குச்சி யாருக்குமே கூடாது.

மஞ்சள்கல் | டிசம்பர் 4, இரவு 9:00

சால்ட் பியர் பற்றி ஒரு சொல். உப்பு ஏற்றும் துறையின் தூண்களுக்கு நடுவே இறங்குவது. கப்பல் கட்டியிருந்தால் அன்று இறங்கவே கூடாது. காலையில் சாலையிலிருந்தே தெரியும். காலை ஒன்பது, பத்து மணிக்குச் சாய்ந்த வெளிச்சம் தூண்களுக்கு இடையே விழும், அதுதான் அங்கே நல்ல நேரம். ஆழம் அதிகபட்சம் 15 மீட்டர் வரைதான், சிலிண்டர் காற்று நிறைய நேரம் வரும்.

அதற்குத் தெற்கே வொய்ட் ஸ்லேவ், ரெட் ஸ்லேவ் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். உப்பு ஏற்ற வரும் கப்பல்களுக்கு வழிகாட்ட 1837-இல் எழுப்பிய வண்ணத் தூபிகள், அவற்றின் பக்கத்தில் 1850-இல் உப்பளத்து அடிமைகள் படுக்கக் கட்டிய கல்குடிசைகள். வாசல் இடுப்புயரம்தான். 1863-இல்தான் விடுதலை. டைவ் முடித்துத் துண்டு காயப்போட்டுப் படம் எடுக்கும் சுவர் இல்லை அது. தள்ளி நிறுத்துங்கள், தலை குனிந்து ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டு வாருங்கள்.

புதுத்துடுப்பு | டிசம்பர் 8, காலை 10:30

இரவு டைவில் கடலுக்குள் மின்மினி மாதிரி ஏதோ வருமாமே?

மஞ்சள்கல் | டிசம்பர் 8, பகல் 3:20

ஆஸ்ட்ரகாட். எள்ளளவு உயிரி. ஆண்கள் பெண்களை அழைக்க நீல ஒளித் துளிகளைச் சரமாக விட்டுக்கொண்டு நீந்தும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து ஐந்தாம் நாள் வரை, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்தில், நிலா எழுவதற்கு முன்னுள்ள இருட்டில். உங்களுக்குக் கணக்கு அழகாக அமைகிறது: பௌர்ணமி டிசம்பர் 15. 17 முதல் 20 வரை. சூரியன் ஆறு பத்து வாக்கில் மறையும், ஏழு மணிக்கு ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் விசிறிப் பவளம் உள்ள தளத்தில் இருங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். ஒருவர் விளக்குப் போட்டாலும் அவை நின்றுவிடும்.

ஓ_வளையம் | டிசம்பர் 8, மாலை 6:05

விளக்கை அணைக்கும் முன் இருவரும் மணலில் மண்டியிட்டுக் கையைக் கோத்துக்கொள்ளுங்கள், அடியில் கடல் முள்ளெலி இல்லையா என்று பார்த்துவிட்டு. ஆளுக்கு இரண்டு விளக்கு. கரையில் ஒரு சின்ன விளக்கு எரியவிடுங்கள், திரும்பும் திசைக்கு. வண்டியிலேயே விட்டால் அது காணாமல் போகலாம், விலை மலிவான ஒன்றை வையுங்கள். டார்பன் மீன் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், உங்கள் வெளிச்சத்தை வைத்தே வேட்டையாடும், தோளை உரசிப் போகும். கடிக்காது. ஒரே மீனின் மேல் விளக்கை நிறுத்தி வைக்காதீர்கள், அடுத்த நொடி அது இருக்காது.

மஞ்சள்கல் | டிசம்பர் 12, இரவு 10:45

கிளம்புவதற்கு முன் இரண்டு. இரவில் ஓட்டும்போது சாலையில் கழுதைகள் நிற்கும், விளக்கு கண்ணில் பட்டாலும் நகராது. தெற்குச் சாலையில் 40-க்கு மேல் போகாதீர்கள்.

முதல் நாள் மேலே சொன்ன எல்லா இடத்தையும் விட்டுவிட்டு பாரி ரீஃபில் இறங்குங்கள். ஊருக்குப் பக்கம், படிக்கட்டும் உண்டு, மீன் வகை தீவிலேயே அதிகம் பதிவான இடங்களில் ஒன்று. கரையைக் கற்றுக்கொள்ள இரண்டாம் நாள் போதும்.

வடக்கிலிருந்து நீண்ட அலை வரும் வாரமாக இருந்தால் கார்பாட்டாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கே ஏறி வரும் சிமெண்ட் மேடையின் விளிம்பு உடைந்திருக்கிறது.